வெயிலைத் தாண்டாத தேனீ

வடக்குப்பட்டில் எங்கள் வீட்டுப் புறக்கடையில் கத்தரிச் செடிகள் உண்டு. வெயில் ஏறுவதற்குள் கருவண்டு வந்துவிடும். கட்டைவிரல் முனை அளவு உடம்பு, முழுக்கக் கறுப்பு. சிறகில் மட்டும் ஊதாவும் பச்சையுமாக ஒரு மினுக்கம். பூவைக் காலால் கட்டிப் பிடித்துத் தொங்கியபடி ஒரு முறை உறுமும். பறக்கும்போது கேட்கிற ரீங்காரம் வேறு, இது வேறு. குறுகிய, சுருதி கூடிய உறுமல். அதோடு மஞ்சள் தூள் அதன் வயிற்றில் கொட்டும்.

மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் பையன் இமாச்சலத்தின் மண்டி மாவட்டத்துக்காரன். ஒரகடத்தில் இரவு ஷிஃப்டு முடிந்து வந்தவன் பல் துலக்கிக்கொண்டே இதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது எங்க ஊர்லயும் இருக்கு. ஆனா உடம்பு பூரா முடி. பின்னாடி செவப்பு" என்றான். செல்பேசியில் ஒரு வீடியோவைத் தேடிக் காட்டினான். அவன் அம்மா போட்ட பூசணிக் கொடி. பூவுக்குள்ளிருந்து மகரந்தம் அப்பிக்கொண்டு வெளியே வந்தது ரோமம் அடர்ந்த ஒரு குண்டுத் தேனீ. முதுகு கறுப்பு, இடுப்பில் மஞ்சள் பட்டை, பின்பக்கம் செங்கல் நிறம்.

அது கருவண்டு அல்ல, பம்பிள்பீ. இங்கே பார்க்க முடியாத பூச்சி. உலகத்தில் ஏறக்குறைய 260 வகைப் பம்பிள்பீக்கள் இருக்கின்றன. 48 வகைகள் இந்தியாவில் உண்டு என்று பஞ்சாபி பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்.சைனியும் அவருடைய மாணவர்களும் 2015இல் வெளியிட்ட நூல் பட்டியலிடுகிறது. அத்தனையும் வடக்கே, வடகிழக்கே, இமயமலையையும் அதை ஒட்டிய மலைகளையும் சேர்ந்தவை. விந்தியத்துக்குத் தெற்கே ஒன்றுகூடக் கிடையாது. உதகையில் இல்லை, கொடைக்கானலில் இல்லை, மூணாறில் இல்லை.

குளிர் இருக்கிறது, மலை இருக்கிறது, பூ இருக்கிறது. தேனீ மட்டும் ஏன் வரவில்லை? பையனின் பூசணிப் பூ என்னை இந்தக் கேள்வியில் மாட்டிவிட்டது. பங்குனிக் கடைசியில் சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினேன்.

ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில் போனவர்களுக்கு ஒரகடம் தெரியும். கார், லாரி, டயர், மோட்டார் சைக்கிள் என்று சாலையின் இரு பக்கமும் மதில்கள். வல்லக்கோட்டை முருகனுக்கு நேர்ந்துகொண்டு வருபவர்கள் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே காவடி எடுத்துப் போவார்கள். வடக்குப்பட்டு இந்த நெருக்கடிக்கு ஓரமாக, ஏரியும் மேடுமாக இருக்கிறது. 2022இல் இந்தியத் தொல்லியல் துறை இங்கே தோண்டியது. மேலே பல்லவர் காலம், அதன் கீழே ரோமானிய மதுச்சாடித் துண்டுகளும் சங்க கால ஓடுகளும், எல்லாவற்றுக்கும் அடியில் கற்கருவிகள். பன்னிரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வேட்டையாடிகள் கருவி செய்த இடம் என்றார்கள். உற்பத்தித் தொழில் இந்த ஊருக்குப் புதிதல்ல.

மதில்களுக்கு வெளியே விட்ட நிலத்தில் ஆவாரையும் எருக்கும் மண்டிக் கிடக்கின்றன. இரண்டுமே கருவண்டை நம்பியவை. ஆவாரையின் மகரந்தப் பைகள் வெடித்துத் திறப்பதில்லை. நுனியில் ஊசித்துளை மட்டும் இருக்கும், உலுக்கினால்தான் தூள் கொட்டும். கத்தரிக்கும் அதே அமைப்பு, தக்காளிக்கும் உலுக்கல் வேண்டும். அடுக்குத்தேனீக்கும் கொம்புத்தேனீக்கும் அப்படி உலுக்கத் தெரியாது. பம்பிள்பீக்குத் தெரியும், கருவண்டுக்கும் தெரியும். சிறகை மடக்கி வைத்துக்கொண்டு, பறக்க உதவும் தசையை மட்டும் அதிரவிடுகிற வித்தை அது. மலையில் ஒன்றும் சமவெளியில் ஒன்றுமாக இரண்டு பூச்சிகளும் ஒரே தொழிலைச் செய்கின்றன.

மற்ற எல்லாவற்றிலும் எதிரெதிர். கருவண்டு தனிக்கட்டை. உத்தரம், மூங்கில், பட்ட பனை என்று எதிலாவது ஒவ்வொரு பெண்ணும் தனக்கென்று துளை போட்டு முட்டை வைக்கும். பம்பிள்பீ குடும்பஸ்தன். ராணி, வேலைக்காரிகள், ஆண்கள் என்று வாழும். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு ஓராண்டுதான் ஆயுள்.

நாக்பூரைத் தாண்டியதும் ஜன்னல் கம்பி சுட்டது. போபால், ஜான்சி, குவாலியர். ஜான்சியில் பிளாட்பாரத்துக் குழாயில் வந்ததே வெந்நீர்தான். வரைபடத்தில் இமயத்துக்கும் நீலகிரிக்கும் நடுவே இருப்பது வெறும் பச்சையும் மஞ்சளுமான நிறம். ரயிலில் போனால் அது பகலும் இரவுமாக ஓயாமல் அடிக்கும் அனல் என்று உடம்புக்குத் தெரிகிறது. பம்பிள்பீயின் கூட்டுக்குள் புழுக்கள் வளர 30 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். அதற்கு மேல் போனால் வேலைக்காரிகள் பூத்தேடுவதை விட்டுவிட்டு வாசலில் நின்று சிறகால் விசிறத் தொடங்கிவிடும். 35ஐத் தாண்டினால் குடும்பமே தள்ளாடும். அந்த ரோமம் கழற்றி வைக்கிற சட்டையும் அல்ல.

வெப்ப மண்டலம் என்றாலே ஆகாது என்றும் சொல்லிவிட முடியாது. அமேசான் காட்டின் தாழ்நிலத்திலேயே ஒரு வகை வாழ்கிறது. சுமத்ரா, ஜாவா மலைகளிலும் உண்டு. ஆனால் அங்கே போக வழி இருந்தது. இமயத்தின் கிழக்கு முனையிலிருந்து பர்மா, மலேயா வழியாக மலைத்தொடர் விட்டுவிட்டேனும் தெற்கே இறங்குகிறது. பனியுகத்தில் கடல் வற்றியபோது சுமத்ராவும் ஜாவாவும் ஆசியாவோடு ஒட்டிக்கொண்டிருந்தன. நமக்கும் இமயத்துக்கும் நடுவே கிடப்பது கங்கைச் சமவெளி.

கால்காவிலிருந்து சிம்லா போகிற மலைரயில் 1903இல் ஓடத் தொடங்கியது. அதைப் பற்றி எழுதாதவர் யாருமில்லை, நான் சோலனில் இறங்கிவிடுகிறேன். 1,500 மீட்டர் உயரம். வெயில் இதமாகத்தான் இருந்தது. அங்கிருந்து ராஜ்கட் போகும் பஸ்ஸில் சிறிது தூரத்தில் நௌனி. டாக்டர் ஒய்.எஸ்.பர்மார் தோட்டக்கலை, வனவியல் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. மண்டிப் பையனின் பூசணிப் பூவில் இருந்த அதே செங்கல் வால் தேனீயை, பாம்பஸ் ஹெமராய்டாலிஸ் என்கிற வகையை, பெட்டியில் வளர்க்கப் பழக்கும் ஆராய்ச்சி நடப்பது இங்கேதான். பசுமைக்குடில்களில் தக்காளி, குடைமிளகாய் போடும் விவசாயிகளுக்காக.

இந்தத் தேனீக்கு ஆண்டு மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ தொடங்குகிறது. முந்தின இலையுதிர் காலத்தில் இணைசேர்ந்த இளம் ராணி, மண்ணுக்குள் ஒரு சிறு குழி பறித்துக்கொண்டு குளிர்காலம் முழுக்க உறங்கியிருக்கும். வெளியே வரும்போது அது முற்றிலும் தனியாள். அடுக்குத்தேனீ ராணிக்கு வாழ்நாள் பூராவும் தோழிமார் உண்டு. இந்த ராணி தானே பூவுக்குப் போக வேண்டும், தானே மெழுகு சுரக்க வேண்டும், தானே வீடு பார்க்க வேண்டும். அதற்குப் பிடித்த வீடு எலி விட்டுப்போன வளை. பஞ்சும் காய்ந்த புல்லுமாக மெத்தை தயாராகக் கிடக்கும்.

மகரந்தத்தை உருண்டை பிடித்து அதன்மேல் முதல் முட்டைகளை வைக்கும். எதிரே, நாக்கு நீட்டினால் எட்டும் தூரத்தில், மெழுகால் ஒரு சின்னக் குடம் கட்டித் தேன் நிரப்பும். பிறகு கோழி போல அடை காக்கும். சிறகுத் தசையைச் சிறகிலிருந்து துண்டித்துக்கொண்டு, அசையாமலேயே நடுங்கிச் சூடு உண்டாக்கி, அடிவயிற்றின் வழியாக முட்டைக்கு அனுப்பும். வெளியே பனி கொட்டினாலும் அடியில் 30 டிகிரி இருக்கும். இடையில் பசித்தால் எழுந்து போக வேண்டியதில்லை, குடம் முன்னால் இருக்கிறது. ஏறத்தாழ ஒரு மாதத்தில் முதல் வேலைக்காரிகள் வெளிவரும். போதிய தீனி கிடைக்காமல் வளர்ந்ததால் பொடிசுகள். அவை வெளிவேலையை எடுத்துக்கொண்டதும் ராணி வெளியே வருவதையே நிறுத்திவிடும்.

இருட்டறையில் சிவப்பு விளக்கொளியில் பெட்டியைக் காட்டினார்கள். தேனீக்குச் சிவப்பு தெரியாது, நமக்குத் தெரியும். அடுக்கடுக்கான அறுகோண அடை ஒன்றுமில்லை. கைப்பிடி அளவுக்கு மெழுகு உருண்டைகள் தாறுமாறாக ஒட்டிக் கிடந்தன. நடுவே ராணி. பெட்டியைத் தொட்டதும் எல்லாமே ஒரு காலைத் தூக்கிக் காட்டின. கிட்டே வராதே என்று அர்த்தமாம்.

தேன் எவ்வளவு இருக்கும் என்று கேட்டதற்கு அங்கிருந்தவர் சிரித்தார். ஒன்றிரண்டு மழை நாளைத் தாக்குப்பிடிக்கிற அளவு. குளிர்காலத்தைத் தாண்டப்போவது குடும்பம் அல்ல, புது ராணிகள் மட்டும்தான். ஆகவே சேமிப்பு எதற்கு? இந்தத் தேனீயைத் தேடி யாரும் பாறையில் கயிறு கட்டி இறங்குவதில்லை, வனத்துறையின் ஏலப் பட்டியலிலும் இது இல்லை. மனிதன் கவனிக்காமல் விட்டதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சிம்லாவுக்கு மேலே நார்கண்டா, கோட்கட் பக்கம் ஆப்பிள் பூத்திருந்தது. 1916இல் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் நட்டுவைத்த சிவப்பு டெலிஷியஸ்தான் இன்று ஆவணியில் கோயம்பேட்டுக்கு லாரி லாரியாக வந்து இறங்குகிறது. ஆப்பிள் பூவுக்கு மரத்தடியில் வாடகைப் பெட்டிகள் வைக்கிறார்கள். உள்ளே இத்தாலியத் தேனீக்கள், சமவெளியிலிருந்து டெம்போவில் ஏறி வந்தவை. நான் போன அன்று தூறலும் காற்றுமாக இருந்தது. பெட்டிகளின் வாசலில் நடமாட்டமே இல்லை. தோட்டக்காரர் காதுவரை மப்ளர் சுற்றிக்கொண்டு பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சாப், இதுங்களுக்கு வாடகை வேற" என்று இந்தியில் நொந்துகொண்டார். அந்தத் தூறலில் பூப்பூவாகப் போய்க்கொண்டிருந்தவை பம்பிள்பீ ராணிகள் மட்டும்தான். எண்ணிக்கையில் கொஞ்சம். சித்திரையில் வேலைக்காரிகள் இன்னும் பிறந்திருக்காது. வாடகைப் பெட்டி இல்லாமல் அத்தனை ஆப்பிள் காய்க்காது என்பது உண்மை. ஆனால் மழை பிடித்துக்கொண்ட ஆண்டில் காய்த்த ஆப்பிளில் ஒரு பங்கு இந்த ராணிகளுக்கு உரியது.

ஆவணியில் மறுபடியும் போனேன், இம்முறை உயரே. ராணி மட்டும் திரிகிற பருவம் முடிந்து குடும்பங்கள் நிறைந்திருக்கும் காலம் அது.

மணாலியில் மழை விடாமல் பெய்தது. ரோதாங் கணவாய் 3,978 மீட்டர். 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு அதன் மேலே ஏறிப் போகிறவர் பெரும்பாலும் பனி பார்க்க வரும் சுற்றுலாக்காரர். அரசுப் பேருந்து ஒன்பது கிலோமீட்டர் இருட்டைக் கடந்து மறுபக்கம் லாஹுலில் வெளியே வந்தது. அங்கே வானம் நீலமாக இருந்தது. பருவமழையை மலை மறித்துவிடுவதால் லாஹுல் மழைமறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவக்காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும் நம் தேனி, கம்பம் பக்கத்தை நினைத்துக்கொண்டால் சரி. உயரம் மட்டும் 3,000 மீட்டருக்கு மேல். சிஸ்ஸுவில் இறங்கினேன். சந்திரா ஆறு சாம்பல் நிறத்தில் ஓடியது. பட்டாணியும் உருளைக்கிழங்கும் பயிராகிற வயல்கள், அவற்றுக்கு மேலே புல்வெளி, அதற்கு மேலே பாறை.

இங்கே பம்பிள்பீயின் ஆண்டு சுருங்கிவிடுகிறது. சோலனில் மாசி முதல் கார்த்திகை வரை விரிவது இங்கே ஆனியில் தொடங்கிப் புரட்டாசியில் முடிந்துவிடும். மூன்றரை மாதத்துக்குள் ராணி விழித்து, வீடு பிடித்து, குஞ்சு பொரித்து, அடுத்த ஆண்டுக்கான ராணிகளையும் ஆண்களையும் உண்டாக்கியாக வேண்டும். உயரம் மாற மாற ஆளும் மாறுகிறது. கீழே செங்கல் வால் தேனீ, நடு உயரத்தில் டுனிகேட்டஸ் வகை, மேய்ச்சல் புல்வெளியில் ருஃபோஃபேசியேட்டஸ், லாஹுலின் வறண்ட பள்ளத்தாக்கில் ஏசியாட்டிகஸ். காஷ்மீர் இமயத்தில் மட்டும் 29 வகைகளை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பால் வில்லியம்ஸ் 1991இல் விவரித்தார். அவர் படும் பாட்டைப் படித்தால் பாவமாக இருக்கும். ஒரே பள்ளத்தாக்கில் வாழும் வெவ்வேறு வகைகள் ஒரே நிறத்தைப் போட்டுக்கொள்கின்றன. கொட்டும் என்கிற எச்சரிக்கையைப் பறவைகளுக்கு ஒரே சீருடையில் சொல்லிவைத்தால் எல்லாருக்கும் லாபம். நிறத்தை நம்பி ஏமாந்தவர்கள் கடைசியில் கன்னத்தின் நீளத்தையும் ஆணின் பிறப்புறுப்பையும் உருப்பெருக்கியில் பார்த்துத்தான் பேர் சொல்ல முடிகிறது. எனக்கு அந்த வம்பே வேண்டாம், வாலின் நிறத்தோடு நின்றுகொண்டேன்.

காலை ஆறரைக்கு மூச்சு புகையாக வந்தது. நெருஞ்சி போல முள் நிறைந்த ஊதாப் பூக்களின் மேல் இரவெல்லாம் உட்கார்ந்திருந்த ஆண் தேனீக்கள், ரோமத்தில் பனித்துளியோடு கல்லாகக் கிடந்தன. ஆண்களுக்கு வீட்டில் இடமில்லை, பிறந்து வெளியேறினால் வெளியேறியதுதான். ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வயிறு மட்டும் விரைவாக ஏறி இறங்கத் தொடங்கியது. மார்புத் தசை 30 டிகிரியைத் தொடும்வரை அதனால் எழும்ப முடியாது. சூரியன் எட்டுவதற்கு முன்பே தானே சூடேற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது. சற்றுத் தள்ளி வீட்டுப் பெட்டியிலிருந்த தேனீக்கள் வெயில் வந்து வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தன. இந்தச் சூடேற்றத்துக்கு எவ்வளவு தேன் செலவாகிறது, எந்தப் பூவுக்குப் போனால் கட்டுப்படியாகும் என்று இந்தப் பூச்சியின் வரவு செலவையே பெர்ன்ட் ஹைன்ரிச் 1979இல் ஒரு புத்தகமாக எழுதினார். சீனாவின் சிச்சுவான் மலையில் 3,250 மீட்டரில் பிடித்த பம்பிள்பீக்களைக் கண்ணாடி அறையில் வைத்துக் காற்றழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனார்கள் மைக்கேல் டில்லனும் ராபர்ட் டட்லியும். சில தேனீக்கள் 9,000 மீட்டருக்கு ஈடான மெல்லிய காற்றிலும் மேலெழும்பின. 2014இல் வெளியான முடிவு இது. எவரெஸ்டைத் தாண்ட முடிகிற சிறகுக்குக் கங்கைச் சமவெளி தாண்ட முடியாத தடை.

சரிவில் ஏறினால் காசித்தும்பை வகைகள் இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தன. பூவின் பின்னால் வளைந்த வாலில் தேன் இருக்கும். நீண்ட நாக்குள்ள தேனீ முன்வாசல் வழியாக நுழைந்து, முதுகில் மகரந்தம் பூசிக்கொண்டு, தேன் குடித்துப் போகிறது. குட்டை நாக்குக்காரி என்ன செய்யும்? பின்பக்கம் போய் வாலைக் கடித்து ஓட்டை போட்டு உறிஞ்சிவிட்டுப் போய்விடும். அன்று பார்த்த பூக்களில் பல ஓட்டையானவை. பிறகு வருகிற தேனீக்களும் அந்த ஓட்டையையே பயன்படுத்திக்கொள்கின்றன. இதைவிடப் பெரிய திருட்டும் உண்டு. குயில் பம்பிள்பீ என்ற கூட்டம் வீடே கட்டாது. மகரந்தம் சுமக்கக் காலில் கூடைகூட அதற்குக் கிடையாது. வேறொரு ராணியின் வீட்டில் புகுந்து, அதைக் கொன்றோ அடக்கியோ, அங்கிருக்கும் வேலைக்காரிகளை வைத்தே தன் பிள்ளைகளை வளர்த்துக்கொள்ளும்.

சரிவில் ஒரு பெரியவர் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இடுப்பளவுச் செடி. பச்சையும் நீலமும் கலந்து, ஊதா நரம்போடிய பூக்கள். முக்காடு போட்ட மாதிரி மேலிதழ் குவிந்திருந்தது. என்னவென்று கேட்டேன். "பத்தீஸ்" என்றார். ஒரு கிழங்கை ஒடித்துக் காட்டினார், உள்ளே வெள்ளை. நாக்கில் வைத்ததும் கசப்பு உச்சிக்கு ஏறியது. அதிவிடயம்! காஞ்சிபுரத்து நாட்டு மருந்துக் கடைகளில் வெள்ளைக் குச்சிகளாகக் கிடைப்பது. கைக்குழந்தைகளின் வயிற்றுக்குக் கொடுக்கிற சித்த மருந்துகளில் சேர்வது. நம் பாட்டிமார் உரைகல்லில் உரைத்தது இந்தச் சரிவில் தோண்டியது.

அந்த முக்காட்டுக்குள்ளே இரண்டு நீண்ட காம்புகளின் நுனியில்தான் தேன் இருக்கிறது. மேலே ஏறி உள்ளே தலையை விடும் வலுவும் நாக்கு நீளமும் இருந்தால்தான் எட்டும். அதிவிடயமும் வச்சநாபியும் ஒரே குலம். உலகில் இந்தக் குலத்துச் செடிகள் எங்கெங்கே வளர்கின்றனவோ அங்கெல்லாம் பம்பிள்பீ இருக்கிறது, பம்பிள்பீ இல்லாத நாட்டில் இச்செடி இயல்பாக வளர்வதில்லை என்று க்ரான்ஃபெல்ட் என்ற ஆஸ்திரியர் 1890இலேயே இரண்டு பரவல்களையும் ஒப்பிட்டுக் காட்டினார். தென்னிந்தியாவில் இரண்டும் இல்லை. தேனீ வராத ஊருக்கு அதன் பூவின் கிழங்கு மட்டும் மூட்டை கட்டி நூற்றாண்டுகளாக வந்துகொண்டிருக்கிறது.

பெரியவர் தோண்டிக்கொண்டிருந்த செடி இன்னும் பூத்துக்கொண்டிருந்தது, விதை முற்றவில்லை. கிழங்கை எடுத்தால் செடி போய்விடும். விதைக்கு முன் எடுத்தால் அடுத்த தலைமுறையும் இல்லை. ஏன் காத்திருக்கக் கூடாது என்று கேட்டேன். "நான் விட்டா வேற ஒருத்தன் எடுப்பான்" என்றார். பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அதிவிடயம் அழியும் ஆபத்திலுள்ள இனம். புரட்டாசிக்கு முன் வயிற்றை நிரப்பிக்கொண்டு மண்ணுக்குள் போகவேண்டிய இளம் ராணிகளுக்குக் கடைசிப் பந்தி இந்த மாதிரிப் பூக்கள்தான். அடிவாரத்து வெப்பம் கூடக்கூட இந்தத் தேனீக்கள் மேலே ஏறத்தான் வேண்டும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நூறாண்டு பதிவுகளை ஒப்பிட்டவர்கள், தெற்கு எல்லையில் இவை 300 கிலோமீட்டர் வரை இடத்தை இழந்திருப்பதையும் வடக்கே அதற்கு ஈடாக நகராததையும் 2015இல் காட்டினார்கள். மேலே ஏறுவதற்கோ மலை ஓரிடத்தில் முடிந்துவிடுகிறது.

தை மாதம் உதகைக்குப் போனேன். இது சின்னப் பயணம், ஆனால் கேள்வியே இந்த இடத்தைப் பற்றியதுதான். தொட்டபெட்டாவுக்குப் போகிற வழியில், 2,600 மீட்டரை நெருங்கும் உயரத்தில், காட்டுப் பூவரசு இரத்தச் சிவப்பாகப் பூத்திருந்தது. சோலனுக்கு மேலே புராஸ் என்று சர்பத் போட்டு விற்கிறார்களே, அதே ரோடோடென்ட்ரான் ஆர்போரியம். இமயத்து மரத்தின் நீலகிரிக் கிளையினம். விடிகாலையில் புல் வெள்ளையாக உறைந்திருந்தது. பம்பிள்பீக்கு இதைவிட வசதியான ஊர் ஏது? மரத்தடியில் நின்றதில் முதலில் வந்தவை பறவைகள். வெயில் சுள்ளென்று அடித்த பிறகு அடுக்குத்தேனீக்கள் வந்தன. அவ்வளவுதான்.

இமயத்துக்கும் மேற்கு மலைக்கும் பொதுவான உயிர்கள் எப்படி வந்தன என்பதற்கு சுந்தர் லால் ஹோரா 1940களில் ஒரு விளக்கம் சொன்னார். ஓடைமீன்களை ஆராய்ந்த அவர், பின்னாளில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநர். பனியுகங்களில் நாடு குளிர்ந்து ஈரமாக இருந்தபோது விந்தியம், சாத்பூரா மலைகள் பாலமாக இருந்தன என்பது அவர் வாதம். அந்தப் பாலத்தில் அத்தனையையும் ஏற்றிவிட முடியாது என்று பிறகு தெரிந்தது. நம் வரையாட்டை இமயத்து தாரின் தம்பி என்றே வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 2005இல் மரபணுவைப் பார்த்தபோது அது செம்மறியாட்டுக்கு நெருக்கம் என்று வந்தது. பூவரசு வந்துவிட்டது, காற்றில் போகிற தூள் விதை அதற்கு. பம்பிள்பீ ராணி ஒன்று தனியே பறந்து வந்து பயனில்லை. வருகிற வழியெல்லாம் ஆண்டுதோறும் குளிர்ந்த மண்ணும், எலிவளையும், மூன்று மாதத்துக்குத் தொடர்ந்து பூவும் வேண்டும். பாலம் இருந்த காலத்திலும் அது இந்தப் பூச்சிக்குப் போதுமானதாக இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

வராததைக் கொண்டுவந்துவிடலாமே என்பவர்கள் இருக்கிறார்கள். திரும்புகிற வழியில் ஓசூரில் பசுமைக்குடில் வைத்திருக்கும் ஒரு விவசாயி நண்பர் அதைத்தான் கேட்டார். தக்காளிக்கு ஒவ்வொரு கொத்தாகப் பூவை அதிர வைக்க ஆள்கூலி கட்டுப்படியாகவில்லையாம். "அந்த நௌனிப் பெட்டி ஒன்னு வாங்கிப் போட்டா என்ன சார்?"

1985இல் பெல்ஜியத்தில் ரோலண்ட் டி யோங் என்ற கால்நடை மருத்துவர் தக்காளிக்குப் பம்பிள்பீயின் உறுமல் போதும் என்று கண்டார். இரண்டே ஆண்டில் அது கம்பெனித் தொழிலாகிவிட்டது. அட்டைப்பெட்டியில் ராணியும் வேலைக்காரிகளும் சர்க்கரைத் தண்ணீருமாக உலகம் முழுக்கப் போகின்றன. அப்படி ஐரோப்பியத் தேனீ 1990களின் இறுதியில் சிலிக்குப் போயிற்று. பசுமைக்குடிலைத் தாண்டி வெளியேறி, படகோனியா முழுக்கப் பரவி, தன்னோடு நோய்க்கிருமிகளையும் கொண்டுபோனது. அந்த ஊரின் சொந்தத் தேனீ, டால்போமி, உலகத்திலேயே பெரிய பம்பிள்பீ. பொன்னிறத்தில் எலிக்குஞ்சு போல இருக்கும். இப்போது அது அழியும் பட்டியலில். ஆஸ்திரேலியாவின் பெருநிலமோ வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டது. டாஸ்மேனியாவில் அது 1992இலேயே நுழைந்துவிட்டபோதிலும். பதிலுக்கு அங்கே தக்காளிக் குடிலில் சோதித்துப் பார்த்தது நீலப்பட்டைத் தேனீயை. அதே பேரினத்தின் சகோதரிகள் நம் ஊரிலும் இருக்கின்றன. வயிற்றில் பளபளக்கும் நீல வளையங்கள், மண்சுவரில் துளை. தக்காளிப் பூவைத் தலையால் முட்டி முட்டி உதிர்க்கும்.

இமாச்சலத்துத் தேனீயை இமாச்சலத்துக் குடிலில் வைப்பது சரியான காரியம், அங்கே அது சொந்த ஊரில் இருக்கிறது. ஓசூரில் அது அந்நியன். ஓசூர் வெயிலில் ஓடிப்போய்ப் படர்ந்துவிடும் என்பதல்ல என் பயம், குளிர்ந்த உதகைக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்பது. நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் பாதிதான் காதில் வாங்கினார். சித்திரையில் குடிலுக்குள் எத்தனை டிகிரி போகும் என்று நான் கேட்டதும் நிமிர்ந்தார்.

"முப்பத்தெட்டு, நாப்பது போவும்."

"அப்ப அது பூவுக்குப் போகாது. பெட்டி வாசல்ல நின்னு விசிறிக்கிட்டிருக்கும்."

"நாம கரண்ட் செலவுல ஃபேன் போடறோம், அது சும்மா போடுதே" என்று சிரித்தார். பிறகு குடிலின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், இடிக்கலாமென்று வைத்திருந்த பழைய பம்புசெட் அறையின் மண்சுவரைக் காட்டினார். பென்சில் நுழைகிற அளவில் நிறையத் துளைகள். இது எந்தப் பூச்சியுடையது, இதைக் குடிலுக்குள் எப்படி வரவைப்பது என்று கேட்டார். சுவரை அப்படியே விடுங்கள், காலையில் மருந்தடிக்காமல் சாயங்காலம் அடியுங்கள், பக்கவலையை ஒரு முழம் தூக்கி வையுங்கள் என்றேன். பெட்டியின் விலையை அதன்பிறகு அவர் கேட்கவில்லை.